கடைமடைக்கு ஆயில் வருமா?

'தட்... தட்... தட்... தட்...'

இன்ஜினின் அடிவயிற்றிலிருந்து இப்படி ஒரு சத்தம் வந்தால், அனுபவஸ்தரான மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்க மாட்டார். பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் போன்ற குரலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்:

"தம்பி, வண்டியில என்னென்ன வேலை பண்ணீங்க?"

தம்பி நிறையவே பண்ணியிருப்பார். ஹெட்டைச் சீவி கம்ப்ரஷனை ஏற்றியிருப்பார். கேம் ஷாஃப்ட்டை மாற்றியிருப்பார். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் மூச்சு வாங்கிய இன்ஜினை 7,500 வரை கதற விட்டிருப்பார். சைலன்ஸர் விஷயம் தெரு நாய்களுக்கே தெரியும். எல்லாம் குதிரைசக்திக்காக! குதிரைகள் வந்தது வாஸ்தவம்தான். கூடவே இந்தத் 'தட் தட்'டும் வந்துவிட்டது.

"ஆயில் ஃபுல்லா ஊத்தித்தானே வெச்சிருந்தேன், அண்ணே!"

"ஊத்தினது சரி தம்பி... அது போய்ச் சேரணுமே!"

பேரிங் விஷயத்தின் மொத்த சாரமும் இந்த ஒரு பதிலில் அடங்கிவிடுகிறது. ரேஸுக்காக மாற்றிய இன்ஜினில் பேரிங் போவதற்கு, பெரும்பாலும் குதிரைசக்தி நேரடிக் காரணம் அல்ல. ஆயில் போய்ச் சேராததுதான் காரணம். அது எப்படி, அதைத் தடுப்பது எப்படி என்று பார்ப்பதற்குமுன் ஒரு வார்த்தை. இந்த மாதிரி இன்ஜின்களுக்கு இடம் ரேஸ் டிராக்தான். அண்ணா சாலை அல்ல. தயாரிப்பாளர் குறிப்பிட்ட அம்சங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லிவிட்டது. ஆசை இருப்பவர்களுக்கு 1990-ல் தொடங்கிய இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறது. கோவைப் பக்கம் செட்டிபாளையத்தில், 2003-லிருந்து கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அங்கே போய்க் கதற விடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

குண்டு இல்லாத பேரிங்

'பேரிங்' என்றதும் நம்மில் பலருக்கு சைக்கிள் பால்ரஸ் குண்டுதான் ஞாபகத்துக்கு வரும். கார் இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்குவது அதுவல்ல. சின்ன மூங்கில் துண்டை நெடுக்காக இரண்டாகப் பிளந்தால் எப்படி இருக்கும்? அந்த வடிவத்தில் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். பட்டறை பாஷையில் 'ஷெல்'. முதுகு எஃகு. அதன்மேல் தாமிரமும் ஈயமும் கலந்த ஒரு பூச்சு, அல்லது அலுமினியமும் வெள்ளீயமும் கலந்த ஒன்று. சிலவற்றில் அதற்கும்மேல் முடியைவிட மெல்லியதாக மிருதுவான இன்னொரு பூச்சு. 1839-ல் ஐசக் பாபிட் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிய 'வெள்ளை உலோக' பேரிங்கின் பேரப்பிள்ளைகள் இவை.

கிராங்க்கை இன்ஜின் பிளாக்கோடு சேர்த்துத் தாங்குவது 'மெயின்' பேரிங். கனெக்டிங் ராடு கிராங்க்கைக் கட்டிப் பிடிக்கும் இடத்தில் இருப்பது 'பிக் எண்ட்' பேரிங். நம் கதையின் துயர நாயகன் இந்த இரண்டாமவர்தான். ஏன் என்று கேளுங்கள்.

ஆயில் எங்கிருந்து வருகிறது? அடியிலிருக்கும் சம்பிலிருந்து பம்ப் உறிஞ்சுகிறது. ஃபில்டர் வழியாகப் பெரிய வாய்க்காலுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து மெயின் பேரிங்குகளுக்குப் பிரிகிறது. அவை குடித்தது போக மிச்சம், கிராங்க்குக்குள்ளேயே துளைத்திருக்கும் சின்னத் துவாரம் வழியாக பிக் எண்டுக்குப் போகிறது. ஆக, தஞ்சாவூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். பிக் எண்ட் என்பது கடைமடை! மேட்டூரில் தண்ணீர் இருக்கலாம், கல்லணையில் திறந்தும் விட்டிருக்கலாம். வழியில் எங்கே குறைந்தாலும் முதலில் காய்வது கடைமடைதான்.

கழற்றி எறிந்த தக்கை

ஆயில் அங்கே போய் என்ன செய்கிறது? 'வழவழப்பாக்குகிறது' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அது பாதி உண்மை.

1883-ல் இங்கிலாந்தில் போஷாம்ப் டவர் என்ற இன்ஜினீயர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆயில் விடுவதற்காக பேரிங்கின் தலையில் ஒரு துவாரம் போட்டார். ஆயில் உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே பொங்கி வந்தது! ஒரு தக்கையை வைத்து அடைத்தார். தக்கையைத் தள்ளிவிட்டது. மரக்கட்டையை அடித்துச் செருகினார். அதையும் தள்ளிவிட்டது. சந்தேகப்பட்டு பிரஷர் கேஜை மாட்டினார். பேரிங்கின் மேல் இருந்த சுமை சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. கேஜ் முள்ளோ 200 பவுண்டைத் தாண்டித் துடித்தது. மூன்று வருடம் கழித்து, 1886-ல், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற மேதை கணக்குப் போட்டு இந்த மர்மத்தை விளக்கினார்.

விளக்கம் சுலபம். நல்ல மழையில் வேகமாகப் போகும் கார், தேங்கிய தண்ணீரில் ஏறியதும் பிரேக், ஸ்டியரிங் எதுவும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறதல்லவா? டயர் தன் வேகத்தாலேயே தண்ணீரை ஆப்பு மாதிரி அடியில் செருகிக்கொண்டு மிதக்கிறது. ரோட்டில் அது ஆபத்து. பேரிங்கில் அதுவேதான் உயிர். சுழலும் கிராங்க், ஆயிலைத் தனக்கடியில் ஆப்பாகச் செருகிக்கொண்டு அதன்மேல் மிதக்கிறது. எல்லாம் சரியாக இருந்தால் உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும் முதல் சில கணங்கள் மட்டும் விதிவிலக்கு.

இந்தத் திரை எவ்வளவு கனம்? சுமை உச்சத்தில் இருக்கும்போது ஓரிரு மைக்ரான்தான். அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. உங்கள் தலைமுடி இதைவிடப் பல மடங்கு தடிமன். (முடி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுக்காரருடையதை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளவும்.) அத்தனை மெல்லிய திரையின்மேல் என்ன சுமை ஏறுகிறது என்று பார்த்தால்தான் தலை சுற்றும்.

அரைக் கிலோ ஒன்றரை டன் ஆன கதை

உதாரணத்துக்கு மாருதி எஸ்டீம். 1994-ல் வந்து, 2007-ல் உற்பத்தி நின்றுபோன கார். இருங்காட்டுக்கோட்டை ரேஸ்களில் வருடக்கணக்கில் உழைத்தது. 1,298 சி.சி. இன்ஜின், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75.5 மில்லிமீட்டர். பிஸ்டன், அதன் பின், கனெக்டிங் ராடின் தலைப்பகுதி எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம்.

நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால், விநாடிக்கு 100 தடவை மேலே போய் 100 தடவை கீழே வரவேண்டும். உச்சியில் போய் நின்று திரும்பும் கணத்தில், அந்த அரைக் கிலோ கிராங்க்கை இழுக்கும் இழுப்பு ஏறக்குறைய 1 டன்! சரி, கம்பெனிக்காரர்கள் அதற்குத் தயாராகத்தான் செய்திருக்கிறார்கள். நம் தம்பி 7,500-க்குப் போகிறார். வேகம் கூடியது கால் பங்குதான். ஆனால் இழுப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். கால் பங்குக்குப் பதில் பாதிக்குமேல் கூடி, ஒன்றரை டன்னைத் தாண்டிவிடும். குதிரைசக்தி ஒன்றுகூட ஏறாவிட்டாலும் இந்த இழுப்பு ஏறிவிடும் என்பதைக் கவனியுங்கள்.

இந்த இழுப்பைத் தாங்குவது கீழ்ப் பாதி ஷெல்லும், அதைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளும். போல்ட் இழுபட்டால் வட்டமான துவாரம் நீள்வட்டமாகிறது, பக்கவாட்டில் கிராங்க்கைக் கிள்ளுகிறது, திரை கிழிகிறது. அதனால் சுற்றை ஏற்ற நினைப்பவர் கேம் ஷாஃப்ட்டுக்கு ஆர்டர் கொடுக்கும் அன்றே நல்ல ராடு போல்ட்டுக்கும் ஆர்டர் கொடுத்துவிட வேண்டும். புது போல்ட் போட்டு இறுக்கியபின் துவாரம் வட்டமாக இருக்கிறதா என்று அளந்தும் பார்க்க வேண்டும்.

வளைவில் வரும் வில்லன்

நேர் ரோட்டில் ஒழுங்காக ஓடிய இன்ஜின் டிராக்கில் நாலு ரவுண்டில் ஏன் மண்டையைப் போடுகிறது?

டவுன் பஸ் வேகமாகத் திரும்பும்போது நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறோம் அல்லவா? சம்பில் இருக்கும் ஆயிலும் அப்படியே சாய்கிறது. நல்ல ரேஸ் டயர் போட்ட கார் வளைவில், பக்கவாட்டில் பூமியின் ஈர்ப்புக்குச் சமமான விசையைத் தாங்கும். அப்போது ஆயிலின் மட்டம் 45 டிகிரி சாய்ந்து நிற்கும். ஆயில் மொத்தமும் ஒரு ஓரத்தில் ஏறிக்கொள்ள, உறிஞ்சு குழாயின் வாயில் காற்றுதான் இருக்கும். பம்ப் பாவம், காற்றைக் குடித்துக் காற்றையே அனுப்பும்.

'ஒரு விநாடிதானே?' என்பீர்கள். 7,500 சுற்றில் ஒரு விநாடி என்பது 125 சுற்று. ஒன்றரை டன் இழுப்போடு 125 சுற்று, ஆயில் வரத்து இல்லாமல்!

மருந்து மூன்று தரத்தில் இருக்கிறது. முதலாவது, எல்லாரும் செய்யக்கூடியது: சம்புக்குள் தடுப்புத் தகடுகளை வெல்ட் பண்ணி, குழாயைச் சுற்றி ஒருபக்கம் மட்டும் திறக்கும் குட்டிக் கதவுகள் வைப்பது. ஆயில் உள்ளே வரலாம், வெளியே ஓட முடியாது. இரண்டாவது, அழுத்தத்தில் கொஞ்சம் ஆயிலைச் சேமித்து வைத்து, பிரஷர் விழுந்ததும் தானே தள்ளிவிடும் உருளை. மாடியில் தண்ணீர் டேங்க் வைப்பது மாதிரி. மூன்றாவது, வசதி உள்ளவர்களுக்கு: 'டிரை சம்ப்'. ஆயிலை அடியில் தேங்கவே விடாமல் ஒரு பம்ப் உறிஞ்சித் தனி டேங்குக்கு அனுப்ப, அங்கிருந்து இன்னொரு பம்ப் பேரிங்குக்குத் தரும். ஏதோ ஜெர்மன் சமாசாரம் என்று மிரள வேண்டாம். நம் திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டின் இன்ஜினே டிரை சம்ப்தான்!

'எதுக்கு வம்பு, ரெண்டு லிட்டர் சேர்த்து ஊத்திடலாம்' என்று கிளம்புகிறவர்கள் உண்டு. டிப்ஸ்டிக் கோட்டை ரொம்பத் தாண்டினால் சுழலும் கிராங்க் ஆயிலில் அடிக்கும். கும்பகோணம் டிகிரி காபியை டபராவில் ஆற்றியது போல நுரைத்துவிடும். நுரை காபிக்கு அழகு. பேரிங்குக்கு எமன்.

பி.பி. பார்த்தால் மட்டும் போதாது

டாஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கை நம்பி ரேஸ் ஓட்டாதீர்கள். பல கார்களில் அது எரிவதே பிரஷர் சுமார் 5 பவுண்டுக்கு விழுந்த பிறகுதான். அது எச்சரிக்கை அல்ல, இரங்கல் செய்தி. ஒழுங்கான பிரஷர் கேஜ் ஒன்றும், ஆயிலின் சூட்டைக் காட்டும் கேஜ் ஒன்றும் மாட்டுங்கள். கூடவே 20 பவுண்டிலேயே கண்ணைக் குத்தும்படி எரியும் பெரிய விளக்கு ஒன்று. ஓட்டுகிறவர் முள்ளைப் பார்க்க மாட்டார், வளைவைத்தான் பார்ப்பார். ஆயிரம் சுற்றுக்கு 10 பவுண்டு என்பது ரேஸ் பட்டறைகளின் பழைய கணக்கு. 7,500-க்கு 75 பவுண்டு இருந்தால் நிம்மதி. சுற்று ஏற ஏற, கிராங்க்கின் துவாரத்துக்குள் நுழையும் ஆயிலை மையவிலக்கு விசை வெளியே தள்ளப் பார்க்கும். அதை எதிர்த்துப் போகத்தான் இந்த பிரஷர்.

ஆனால் பிரஷர் மட்டுமே ஆரோக்கியம் ஆகிவிடாது, பி.பி. மாதிரிதான். கூழ் மாதிரி கெட்டி ஆயில் ஊற்றினால் முள் ஜம்மென்று ஏறும். குழாயில் தடங்கல் அதிகம் என்றுதான் அதற்கு அர்த்தம். இடுக்கான பேரிங்கில் கெட்டி ஆயில் நுழையத் தாமதமாகும், சூடும் ஏறும். பேரிங் இடைவெளி, ஆயிலின் பதம், பம்ப்பின் அளவு மூன்றையும் சேர்த்து யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஜாதகத்தில் ஒரு பொருத்தம் மட்டும் பார்த்துக் கல்யாணம் பண்ண முடியாது!

சூடு இன்னொரு சத்துரு. 20டபிள்யூ-50 ஆயில் 100 டிகிரியில் இருக்கும் பதம், 130 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய பாதியாக நீர்த்துவிடும். திரையும் அதற்கேற்ப மெலியும். நம் ஊர் வெயிலில் ஆயில் கூலர் ஆடம்பரம் அல்ல. அதேபோல ஸ்டார்ட் பண்ணின கையோடு உறுமவும் கூடாது. ஆயில் சூடேறும் வரை பொறுமை.

உள்ளே விழும் சம்மட்டி அடி

கீழ்ப் பாதி ஷெல்லுக்கு இழுப்பு என்றால், மேல் பாதி ஷெல்லுக்கு அடி. கம்ப்ரஷனை ஏற்றிவிட்டு, சாதா பெட்ரோலைப் போட்டு, இக்னிஷனையும் முன்னே தள்ளிவைத்தால், பெட்ரோல் சீராக எரியாமல் வெடிக்கும். 'டிங் டிங்' என்று சின்னக் கல் விழும் சத்தம். கேட்க மணியோசை மாதிரிதான் இருக்கும். திரையின் மேல் அது சம்மட்டி அடி.

வேகம் குறைந்த நிலையில் டாப் கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து இன்ஜினைத் திணற அடிப்பதும் கெடுதல். சுற்று குறைவு என்றால் ஆயில் ஆப்பும் பலவீனம். அந்த நேரத்தில் முழுச் சுமை. டர்போ வைத்தவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

ஜெட்டைப் பெரிசாக்கி பெட்ரோலை அள்ளி விடுவதிலும் ஆபத்து உண்டு. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பங்க் வாசனை அடித்தால் அந்த ஆயிலை மாற்றிவிட்டு மறுவேலை பாருங்கள்.

பட்டறையில் கண்ணில் விளக்கெண்ணெய்

புது பேரிங் ஓட்டத்தில் சாவதைவிட, மாட்டும்போதே சாவது அதிகமோ என்று தோன்றும். இந்த ஐந்தைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள்:

1. லேத்திலிருந்து வந்த கிராங்க்கையும் பிளாக்கையும் கழுவாமல் மாட்டவே கூடாது. சோப்பும் வெந்நீரும் பாட்டில் பிரஷ்ஷும் போட்டு ஒவ்வொரு துவாரத்தையும் தேயுங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு இரும்புத் தூள், அந்த ஓரிரு மைக்ரான் திரைக்கு முன் மலை.

2. இடைவெளியை அளந்தே தீரவேண்டும். கிராங்க்கின் விட்டம் ஒவ்வொரு அங்குலத்துக்கும், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு 'தௌ', என்பது பொதுக் கணக்கு. உங்கள் இன்ஜினுக்குப் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் தொடக்கம். மைக்ரோமீட்டர் இல்லாவிட்டால் பிளாஸ்டிகேஜ் என்ற மெழுகு நூலை வைத்து இறுக்கிக் கழற்றி, நசுங்கிய அகலத்தை அதன் உறையில் இருக்கும் அளவோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். நூல் இருக்கும்போது கிராங்க்கைச் சுற்றாதீர்கள். கையால் ஆட்டிப் பார்த்து 'சரியாத்தான் இருக்கு' என்பவரிடம் இன்ஜினைக் கொடுக்காதீர்கள்.

3. ஷெல்லின் முனைகள் மயிரிழை தூக்கிக்கொண்டிருக்கும். தப்பாகச் செய்துவிட்டான் என்று அரம் போட்டு ராவி விடாதீர்கள். இறுக்கும்போது அந்த மயிரிழைதான் ஷெல்லை இருக்கையில் அழுத்திப் பிடிக்கிறது. அது இல்லாவிட்டால் ஷெல்லும் கிராங்க்கோடு சேர்ந்து சுற்றி, ஆயில் துவாரத்தை அடைத்துக்கொள்ளும்.

4. ஷெல்லின் முகத்துக்கு ஆயில், முதுகுக்குக் கூடாது. முதுகு சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும். போல்ட்டை டார்க் ரெஞ்ச் போட்டு, சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். 'என் கைக்குத் தெரியும்' என்கிற கை, அப்பளம் சுட மட்டும் லாயக்கு.

5. பூட்டியதும் சாவியைத் திருகி உறும விடாதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, பெட்ரோலையும் நிறுத்திவிட்டு, கேஜில் ஆயில் பிரஷர் ஏறும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். கடைமடைக்கு ஆயில் போன பிறகு பற்றவைக்கலாம்.

முதல் ஓட்டம் முடிந்ததும் ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்துப் பாருங்கள். மினுமினுப்பு இருந்தால் ஒரு காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் தாமிர நிறத்தில் மின்னினால், அது பேரிங் எழுதிய கடிதம். 'தட் தட்' என்ற தந்தி வருவதற்குள் பிரித்துப் படித்துவிடுவது நல்லது.

இறந்த பேரிங் பேசும்

காலம் கடந்துவிட்டதா? பழைய ஷெல்லைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதுசு மாட்டாதீர்கள். போஸ்ட்மார்ட்டம் அவசியம். சுற்றிலும் கோடுகோடாகக் கீறியிருந்தால் அழுக்கு. கறுத்து, நீலம் பாரித்து, உருகி வழிந்திருந்தால் ஆயில் வரவில்லை. மேல் பாதி மட்டும் அடிவாங்கியிருந்தால் வெடிப்பு அல்லது திணறடிப்பு. கீழ்ப் பாதி மட்டும் என்றால் அதிகச் சுற்று. ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கலாம், அல்லது கிராங்க்கைக் கடைந்தவர் மூலையைச் சரியாக விடவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் போட்ட புது பேரிங்குக்கும் அதே விதிதான்.

இதெல்லாம் காசு விஷயம் மட்டும் இல்லை. பேரிங் இறுகிப் பிடித்தால் ராடு முறிந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். கொட்டும் ஆயில், கொதிக்கும் சைலன்ஸர் குழாயில் பட்டால் தீ. உங்கள் டயருக்கடியில் போனால் உங்களுக்கு ஆபத்து. பின்னால் வருகிறவர் டயருக்கடியில் போனால் ஒரு பாவமும் அறியாத அவருக்கு. ரேஸில் மஞ்சள்-சிவப்புக் கோடு போட்ட கொடியை ஆட்டுவது 'டிராக் வழுக்குகிறது, ஜாக்கிரதை' என்று சொல்லத்தான். அந்தக் கொடிக்கு நீங்கள் காரணமாக வேண்டாம்.

ஆகவே தம்பிமார்களே, பட்ஜெட்டைத் தலைகீழாகப் போடுங்கள். முதலில் சம்புத் தடுப்பு, கேஜ், கூலர், போல்ட், சுத்தமான வேலை. அதற்குப் பிறகு மிச்சம் இருக்கும் காசுக்குக் குதிரை வாங்குங்கள். மிச்சம் எதுவும் இல்லையா? கவலை வேண்டாம். கம்பெனி கொடுத்த குதிரைகளே நாலு ரவுண்டு கூடுதலாக ஓடும். பவர் ஏற்றினவர் வண்டி டோ கயிற்றில் போவதை வழியில் பார்த்துக் கையும் காட்டலாம்!